பனிச்சாலையில் கார் ஓட்டக் கற்ற கதை

பனி இறுகிக் கிடக்கும் சாலையில் ஒரு டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு, காய்ந்த தார்ச்சாலையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பனிக்கட்டி படர்ந்த சாலையில் எட்டில் ஒரு பங்கு. உராய்வு எண்களாகச் சொன்னால் காய்ந்த தார்ச்சாலைக்கு 0.8, இறுகிய பனிக்கு 0.25, பனிக்கட்டிக்கு 0.1 என்ற அளவில் வரும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து காய்ந்த சாலையில் 12 மீட்டரில் நின்றுவிடும். பனியில் 40 மீட்டர் ஓடும். பனிக்கட்டியில் 100 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் கடக்கும் தூரம் இதில் சேரவில்லை. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். கணக்கு எளியதுதான். ஆனால் அதற்கு ஏற்றபடி ஓட்டப் பழகுவதற்கு வட ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஒரு நூற்றாண்டை எடுத்துக்கொண்டன. அந்த நூற்றாண்டின் பெரும்பகுதி, வழுக்கலை எப்படி வெல்வது என்ற கேள்வியில் கழிந்தது. வழுக்கும் இடத்துக்கே போகாமல் ஓட்டுவது எப்படி என்ற கேள்வி மிகவும் பிந்தித்தான் கேட்கப்பட்டது.

கார் வருவதற்கு முன்பு பனி எதிரியாக இருக்கவில்லை. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் குளிர்காலமே பயணத்துக்கு உகந்த பருவம். கோடையில் சேறும் சதுப்புமாகக் கிடந்த வழிகள் குளிர்காலத்தில் இறுகிக் கெட்டியாகும். ஏரிகளும் ஆறுகளும் உறைந்து நேர்வழியாகிவிடும். மரம், தானியம், இரும்பு எல்லாம் சறுக்குவண்டியில் ஏறியது அப்போதுதான். உறைந்த ஏரியின் மேல் செல்லும் வழியை, பனியில் நட்ட மரக்கிளைகளால் அடையாளமிட்டார்கள். பனிப்புயலில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகும்போது அடுத்த கிளை எங்கே தெரிகிறது என்று பார்த்துத்தான் குதிரையை நடத்த வேண்டும். இன்றைக்கும் அந்நாடுகளில் குளிர்காலம் தொடங்கும் முன்பே சாலையோரங்களில் நெடுகக் கம்புகளை நட்டுவைக்கிறார்கள். பனியில் சாலையின் விளிம்பு புதைந்த பிறகு, பனிக்கலப்பை ஓட்டுபவருக்கும் கார் ஓட்டுபவருக்கும் அந்தக் கம்புதான் எல்லைக்கல்.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் 19ஆம் நூற்றாண்டில் ஊர்ப்புறங்களில் பனியைச் சாலையிலிருந்து பெரும்பாலும் அகற்றவில்லை. ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட மர உருளைகளைக் குதிரைகள் இழுத்துச் சென்று பனியை அமுக்கி இறுக்கின. சறுக்குவண்டிக்கு அதுவே நல்ல சாலை. கூரை வேய்ந்த மரப்பாலங்களுக்குள் பனி விழாது என்பதால், பலகைத் தளத்தில் சறுக்குவண்டி உரசி நின்றுவிடும் என்று, ஆட்களை வைத்து வெளியிலிருந்து பனியை அள்ளிக் கொண்டுவந்து பாலத்துக்குள் பரப்பினார்கள். பின்னாளில் பனியை அள்ளி வீசுவதற்குப் பணம் செலவிட்ட அதே ஊர்கள், பனியைக் காசு கொடுத்து உள்ளே கொண்டுவந்த காலம் அது. குதிரைக்கு மட்டும் பிடிப்பு வேண்டும். அதற்காகக் குளிர்காலத்தில் கூர்முனை வைத்த லாடம் அடித்தார்கள். சறுக்குவண்டி சத்தமில்லாமல் வரும் என்பதால் அதில் மணி கட்ட வேண்டும் என்று பல இடங்களில் சட்டமே இருந்தது.

கார் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. சறுக்குவண்டியை இழுப்பது குதிரையின் கால். காரைத் தள்ளுவதும் திருப்புவதும் நிறுத்துவதும் தரையைத் தொடும் நான்கு உள்ளங்கை அளவு ரப்பர். சறுக்குவண்டிக்கு வழுக்கல் வரம்; காருக்கு அதுவே கேடு. தொடக்ககாலக் கார்களில் டயர்கள் வழவழப்பாக இருந்தன, பெரும்பாலானவற்றில் பிரேக்கும் பின்சக்கரங்களில் மட்டுமே இருந்தது. கார் வைத்திருந்தவர்கள் குளிர்காலம் வந்ததும் அதைக் கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடியும் குதிரைக்குப் போனார்கள். துணிந்து ஓட்டியவர்கள் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றினார்கள். நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா ஊரைச் சேர்ந்த ஹாரி வீட், அந்தக் கயிற்றுக்குப் பதிலாகச் சங்கிலியைப் பொருத்தும் முறைக்கு 1904 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார். டயரின் குறுக்கே ஓடும் சங்கிலிகளை இரு பக்கமும் நீளச் சங்கிலியில் கோக்கும் அந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பனி மூடிய மலைக்கணவாய்கள் பலவற்றில் அது இல்லாமல் போக முடியாது. ஆனால் சங்கிலி மாட்டிய கார் மெதுவாகத்தான் போக வேண்டும், பனியில்லாத தரை வந்ததும் நின்று கழற்ற வேண்டும். கை விறைக்கும் குளிரில் சாலையோரம் மண்டியிட்டுச் சங்கிலி மாட்டிக் கழற்றிய தலைமுறைக்குப் பனிக்காலப் பயணம் என்றால் அதுதான் நினைவுக்கு வரும்.

1920களின் நடுவில், நாலாபுறமும் மூடிய கார்கள் அமெரிக்காவில் பெரும்பான்மையாகிவிட்டன. காருக்குள் குளிர் தாங்க முடிந்ததும், ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை வந்தது. உருளைகள் ஒதுங்கின, லாரியின் முன்னால் பூட்டிய பனிக்கலப்பைகள் வந்தன. ஸ்வீடனில், தத்தம் பகுதிச் சாலையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பழைய பொறுப்பு ஊர்மக்களிடமிருந்து படிப்படியாக நீங்கி, 1944-இல் கிராமப்புறப் பொதுச்சாலைகளின் பராமரிப்பை அரசே ஏற்றுக்கொண்டது.

கலப்பை போன சாலையில் ஒரு புதிய ஆபத்து பிறந்தது. வழித்தெடுத்த பிறகும் தங்கிவிடும் மெல்லிய பனிப்படலத்தைக் கார் சக்கரங்கள் மெருகேற்றுகின்றன. நாற்சந்தியில், ஒவ்வொரு காரும் பிரேக் பிடித்துப் பிடித்து, அந்தப் படலம் கண்ணாடி போல ஆகிவிடுகிறது.  நடந்து போகிறவர் கால் வைத்த பிறகுதான் அறிவார். அதைவிட ஏமாற்றுவது வெப்பநிலை. மைனஸ் 20 டிகிரியில் பனிக்கட்டி வறண்டு இறுகி, டயருக்கு ஓரளவு பிடி கொடுக்கும். பூஜ்யத்தை ஒட்டிய நாளில்தான் அதன் மேற்பரப்பில் நீர் கசிந்து, உராய்வு மைனஸ் 20-இல் இருந்ததைவிடப் பாதியாகக்கூடக் குறையும். கடுங்குளிர் போய் வெயில் எட்டிப்பார்க்கும் மிதமான காலைப்பொழுதே சாலையில் மிகவும் அஞ்ச வேண்டிய நேரம். பாலத்தின் மேல் இது இன்னும் மோசம். பாலத்துக்குக் கீழேயும் காற்று ஓடுவதால், மண்ணின் மேல் கிடக்கும் சாலை ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடுகிறது.

மணல் தூவினார்கள். பிறகு உப்பு வந்தது. 1941-42 குளிர்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர், சாலைகளுக்கு உப்பிடுவதை முறையான கொள்கையாக ஏற்ற முதல் அமெரிக்க மாநிலமானது. உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துகிறது. ஆனால் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். அதனால் ஸ்காண்டிநேவியாவின் தென்பகுதிச் சாலைகள் உப்பால் கறுத்துக் கிடக்க, வடக்கே லாப்லாந்தில் இன்றும் பல சாலைகள் வெள்ளையாகவே விடப்பட்டு, மணலும் பொடிக்கல்லும் தூவப்படுகின்றன. தென்பகுதி ஓட்டுநர் வடக்கே போனால் வேறொரு தொழிலைக் கற்க வேண்டியிருக்கிறது.

டயரில் நடந்த பெரிய மாற்றம் பின்லாந்திலிருந்து வந்தது. நோக்கியா ஊரில் இயங்கிய சுவோமென் கும்மிதெஹ்தாஸ் என்ற ரப்பர் தொழிற்சாலை, 1934-இல் லாரிகளுக்காகக் குறுக்குவாட்டில் ஆழமான வெட்டுகள் கொண்ட ஒரு டயரைச் செய்தது. உலகின் முதல் பனிக்கால டயர் என்று அது கருதப்படுகிறது. புதுப்பனியில் சிக்காமல் பனியைக் கடித்து முன்னேறுவதே அதன் நோக்கம். 1936-இல் கார்களுக்கான வடிவம் ஹக்கபெலீட்டா என்ற பெயரில் வந்தது. முப்பதாண்டுப் போரில் சண்டையிட்ட பின்லாந்துக் குதிரைப்படையினரின் பெயர் அது. பிடிப்பை ஓட்டுநர் சாலையோரத்தில் நின்று மாட்ட வேண்டிய நிலை மாறி, டயரோடு சேர்ந்தே வந்துவிட்டது.

பனிக்கட்டியின் மேல் மெல்ல ஓட்டுவது உயிர்ப்பிரச்சினையாகவும் அறிவியலாகவும் ஒரே நேரத்தில் ஆனது சோவியத் ஒன்றியத்தின் லடோகா ஏரியில். 1941 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படைகள் லெனின்கிராட் நகரைச் சூழ்ந்துகொண்டன. நகரத்துக்கும் வெளியுலகுக்கும் இடையே எஞ்சியிருந்த ஒரே வழி அந்த ஏரி. நவம்பரில் அது உறையத் தொடங்கியதும், ஆட்கள் கம்பிகளால் குத்திக் குத்திப் பனிக்கட்டியின் கனத்தைப் பார்த்து வழி கண்டார்கள். முதலில் குதிரைச் சறுக்குவண்டிகள் போயின. நவம்பர் 22 அன்று 60 லாரிகள் கொண்ட முதல் வரிசை பனிக்கட்டியின் மேல் ஏறியது. ஒன்றரை டன் சுமக்கக்கூடிய லாரிகளில் சில மூட்டை மாவு மட்டுமே ஏற்றப்பட்டது. எடையைப் பரப்புவதற்காகச் சில லாரிகளின் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டி இழுத்தார்கள். ஓட்டுநர்கள் கதவைத் திறந்து வைத்தபடி ஓட்டினார்கள். வண்டி உள்ளே போனால் குதிப்பதற்கு நேரம் வேண்டும்.

விந்தை என்னவென்றால், கனமான வண்டி தாண்டிப்போன இடத்தில் இலேசான வண்டி மூழ்கியது. லெனின்கிராட்டின் இயற்பியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். நவும் ரெய்னோவ், பனிக்கட்டி எவ்வளவு வளைகிறது என்பதைத் தானே பதிவு செய்யும் கருவிகளை அமைத்து ஏரியில் பல இடங்களில் வைத்தார். பனிக்கட்டி அசையாத தளம் அன்று என்பதை அந்தக் கருவிகள் காட்டின. வண்டி ஓடும்போது அதன் அடியில் உள்ள நீரில் ஓர் அலை எழுந்து வண்டியோடு போகிறது. நீரில் அலை தானாக ஓடும் வேகமும் வண்டியின் வேகமும் ஒன்றானால் அலை மேலும் மேலும் உயர்ந்து பனிக்கட்டியை உடைக்கிறது. லடோகாவின் அந்தப் பகுதியில் அந்த ஆபத்தான வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. ஆழம் 10 மீட்டர் உள்ள நீரில் அலையின் வேகத்தைக் கணக்கிட்டாலும் அதே எண் வருகிறது. ஆகவே வேகமும் வண்டிகளுக்கு இடையே விட வேண்டிய தூரமும் விதிகளாயின. குண்டுவீச்சுக்கு அஞ்சி விரைந்து போகத் துடிக்கும் கால், அந்த விதியின் முன் அடங்க வேண்டியிருந்தது. 1942 ஏப்ரல் வரை நடந்த அந்தப் போக்குவரத்தில் 3.5 லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு வந்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

அதே இயற்பியல் இன்று எஸ்டோனியாவில் போக்குவரத்து விதியாக இருக்கிறது. கடுங்குளிர் வரும் ஆண்டுகளில் ஹீயுமா தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கடலின் மேல் 25 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பனிக்கட்டிச் சாலை திறக்கப்படும். அங்கே மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டலாம். 40 முதல் 70 வரை ஓட்டலாம். இடைப்பட்ட வேகத்தில் ஓட்டக் கூடாது. இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். நின்றுவிடவும் கூடாது.

போருக்குப் பின் கார்கள் பெருகின. 1960களின் தொடக்கத்தில், குதிரை லாடத்தின் கூர்முனை டயரில் மறுபிறவி எடுத்தது. டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த சிறு ஆணிகள் பதித்த டயர், பனிக்கட்டியில் பிடிப்பைக் கணிசமாகக் கூட்டியது. ஆனால் பனி இல்லாத நாளில் அந்த ஆணிகள் தார்ச்சாலையை அரைத்தன. ஜப்பானின் செண்டாய் நகரில் வசந்தம் வந்தால் சாலைத்தூசு மேகமாக எழுந்து மூச்சை அடைத்தது. மக்கள் போராடியதன் விளைவாக 1990-இல் அந்த நாடு ஆணி டயரைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 1988-இல் பிரிட்ஜ்ஸ்டோன் வெளியிட்ட பிளிஸாக் போன்ற ஆணியில்லா டயர்கள் அதற்கு வழி செய்தன. கடுங்குளிரிலும் இறுகாத அவற்றின் மென்மையான ரப்பரில் உள்ள நுண்துளைகள் பனிக்கட்டியின் மேல் கசியும் நீரை உறிஞ்சி ஒதுக்குகின்றன. ஓஸ்லோ ஆணி டயருக்குக் கட்டணம் விதித்தது. ஸ்டாக்ஹோம் 2010 முதல் ஹார்ன்ஸ்காட்டான் தெருவில் அதைத் தடை செய்தது. ஜெர்மனியில் 1970களிலேயே தடை வந்துவிட்டது. பின்லாந்தின் கிராமப்புறத்தில் இன்றும் பெரும்பாலானோர் ஆணி டயர்தான் மாட்டுகிறார்கள். இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. காலையில் பள்ளிக்கூட வண்டி ஓட்டுபவருக்கு ஏரிக்கரைத் திருப்பத்தின் பனிக்கட்டி முக்கியம். நகரத்தில் குழந்தையோடு நடப்பவருக்குக் காற்று முக்கியம்.

டயர் நன்றானதும், ஓட்டும் முறையைப் பற்றிய பேச்சு தொடங்கியது. ஜெர்மன் பொறியாளர் வூனிபால்ட் காம் 1930களில் ஸ்டுட்கார்ட்டில் செய்த ஆய்வுகளோடு சேர்த்துச் சொல்லப்படும், டயரின் பிடிப்பு எல்லையைக் காட்டும் ஒரு வட்டம் இதற்கு அடிப்படை. டயரிடம் உள்ள பிடிப்பு ஒரே மடிப்பணம். அதை வேகம் கூட்டவும் செலவிடலாம், பிரேக்குக்கும் செலவிடலாம், திருப்பவும் செலவிடலாம். ஆனால் மொத்தம் கூடாது. திருப்பத்துக்குள் பிரேக் பிடிப்பவர் அதே பணத்தை இருமுறை செலவழிக்கப் பார்க்கிறார். காய்ந்த சாலையில் பணம் மிகுதி என்பதால் அது தெரிவதில்லை. பனியில் உடனே தெரிகிறது.

பனிச்சாலை ஓட்டத்தின் வழக்கமான பாடங்கள் எல்லாம் இந்த வட்டத்திலிருந்தே வருகின்றன. கிளம்பும்போது இரண்டாம் கியர்; சக்கரம் பொறுமையாக உருளட்டும். திருப்பத்துக்கு முன்பே, நேரான பகுதியிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். திருப்பத்துக்குள் போன பிறகு காலை அசைக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை வெடுக்கென்று வெட்டாமல் நேரத்தோடு தொடங்கி மெல்லத் திருப்ப வேண்டும். முன்னால் போகும் காருக்கும் தன் காருக்கும் இடையே வழக்கத்தைவிடப் பல மடங்கு இடம். கார் வழுக்கினால், பள்ளத்தைப் பார்க்காமல், போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும்; பார்வை போகும் பக்கமே கை போகும். பின்பக்கம் விலகும் பக்கத்துக்கே ஸ்டீயரிங்கைத் திருப்பி, கிளட்ச்சை மிதித்துச் சக்கரங்களை விடுவிக்க வேண்டும். தானியங்கி பிரேக் கட்டுப்பாடு இல்லாத காலத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பூட்டிய சக்கரம் திரும்பாது என்பதுதான் காரணம். நிறைகுடம் தலையில் வைத்து நடப்பவர் எப்படி நடப்பாரோ அப்படிக் காரை நடத்த வேண்டும். திடீரென்று எதையும் செய்யக் கூடாது. முன்கூட்டியே கணித்து ஓட்டுவதை ஃபின் மொழியில் என்னகோய்வா அயோ என்கிறார்கள். அங்கே ஓட்டுநர் பயிற்சியில் அந்தச் சொல் அடிக்கடி காதில் விழும்.

இதற்கிடையில் வேறொரு மரபு புகழ் பெற்றது. ஸ்வீடனின் எரிக் கார்ல்சன், முன்சக்கர இழுவை கொண்ட சாப் காரில் 1960, 1961, 1962 ஆண்டுகளில் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியையும், 1962, 1963-இல் மான்டே கார்லோ ராலியையும் வென்றார். வலக்கால் ஆக்சிலரேட்டரில் அழுந்தியிருக்க, இடக்காலால் பிரேக்கைத் தொட்டுக் காரின் பின்பகுதியை இலேசாக்கித் திருப்பும் உத்தி அவர் பெயரோடு சேர்ந்தது. பின்லாந்தின் டிமோ மேக்கினென் கடும் பனி பொழிந்த 1965-இலும், ரவுனோ ஆல்டோனென் 1967-இலும் சின்னஞ்சிறு மினி காரில் மான்டே கார்லோவை வென்றார்கள். வழுக்கலைத் தவறாகப் பார்க்காமல் கருவியாகவே கையாண்டவர்கள் இவர்கள். அவர்களுடைய திறமை உண்மையானது. ஆனால் எதிரே வண்டி வராத, மூடிய சாலையில், பல போட்டிகளில் திருப்பத்தை முன்பே எழுதிவைத்து வாசிக்கும் துணையோடு அது நடந்தது. பார்த்தவர்கள் அதைச் சாதாரணச் சாலைக்கான பாடமாக எடுத்துக்கொண்டார்கள். காரை வழுக்கவிட்டு மீட்பவரே நல்ல ஓட்டுநர் என்ற எண்ணம் அப்படித்தான் ஊன்றியது. அதற்கான விலையை மற்றவர்கள் கொடுத்தார்கள்.

அந்த எண்ணம் அரசுப் பாடத்திட்டத்துக்குள்ளும் வந்தது. நார்வே 1979-இல் ஓட்டுநர் பயிற்சியை இரு கட்டமாக்கி, இரண்டாம் கட்டத்தில் வழுக்குதளப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பின்லாந்து 1990-இல் அதே வழியில் போனது. ஸ்வீடனில் ஹால்க்பானா என்று அழைக்கப்படும் வழுக்குதளங்கள் நாடெங்கும் இருந்தன. வழுக்கும் பூச்சுப் பூசிய தரையில் நீர் பாய்ச்சினால் கோடையிலும் பனிச்சாலை கிடைத்துவிடும். கற்பவர் அங்கே காரை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, எதிர்த்திசை திருப்பி, நேராக்கப் பழகினார். வெளியே வரும்போது முகத்தில் மகிழ்ச்சி இருந்தது.

நார்வேயில் நடந்த மதிப்பீடு 1988-இல் வெளிவந்தது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு. வழுக்குதளப் பயிற்சி பெற்ற இளம் ஆண்களிடையே விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. பின்லாந்து ஆய்வுகளும், பயிற்சியால் வழுக்கல் விபத்து குறைந்ததாகக் காட்டவில்லை. தன்னம்பிக்கை மட்டும் வளர்ந்திருந்தது. ஸ்வீடனின் லிங்ஷோப்பிங்கில் நீல்ஸ் பெட்டர் கிரெகர்சென் செய்து 1996-இல் வெளியிட்ட சோதனை இதன் காரணத்தைத் துலக்கியது. ஓட்டக் கற்பவர்களை இரு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு அரை மணி நேரம் வழுக்கும் தரையில் பிரேக் பிடித்து விலகும் திறனைக் கற்றுக்கொடுத்தார். மறுகுழுவுக்கு அதே அரை மணி நேரத்தில், அந்தத் திறன் எவ்வளவு நம்ப முடியாதது என்பதைக் காட்டினார். பின்னர் சோதித்தபோது இரு குழுவின் உண்மையான திறனிலும் வேறுபாடு இல்லை. ஆனால் முதல் குழுவினர் தங்கள் திறனை மிகைப்படுத்தி மதிப்பிட்டார்கள். அரை மணி நேரப் பயிற்சி அவர்களுக்குத் தந்தது திறமை இல்லை, திறமை வந்துவிட்டது என்ற நினைப்பு.

கருவியிலும் இதே கதை நடந்தது. சக்கரம் பூட்டாமல் காக்கும் பாஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ். கட்டுப்பாடு 1978-இல் மெர்சிடீஸ் எஸ்-கிளாஸ் காரில் விற்பனைக்கு வந்தது. பிரேக்கை அழுத்தியபடியே காரைத் திருப்ப முடிவது பெரிய வரவு. ஆனால் அது நிற்கும் தூரத்தை எப்போதும் குறைப்பதில்லை. இறுகாத பனியில், பூட்டிய சக்கரத்தின் முன்னால் குவியும் பனி காரைத் தடுக்கும் என்பதால், ஏ.பி.எஸ். உள்ள கார் அங்கே கூடுதல் தூரம்கூடப் போகும். 1980களின் முற்பகுதியில் மியூனிக்கில் ஒரு டாக்சி நிறுவனத்தின் கார்களில் சிலவற்றுக்கு மட்டும் ஏ.பி.எஸ். பொருத்திப் பார்த்தார்கள். விபத்து எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயணிகளைப் போல ஏறிக் கவனித்தவர்கள், ஏ.பி.எஸ். உள்ள காரின் ஓட்டுநர்கள் திருப்பங்களில் கூர்மையாகவும் இடைவெளி குறைத்தும் ஓட்டுவதைப் பதிவு செய்தார்கள். கூடுதலாகக் கிடைத்த பிடிப்பைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளாமல் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள்.

1995-இல் ஈ.எஸ்.பி. என்ற நிலைப்புக் கட்டுப்பாடு வந்தது. ஓட்டுநர் திருப்பிய திசையில் கார் போகவில்லை என்று உணர்ந்தால், தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் பிடித்து அதைத் திருத்தும் கருவி இது. ஸ்வீடனின் அர்ஜெப்ளாக் பகுதியில் உறைந்த ஏரிகளின் மேல் பல குளிர்காலங்கள் சோதிக்கப்பட்டு இத்தகைய கருவிகள் உருவாயின. 1997 அக்டோபரில் டெக்னிக்கென்ஸ் வேர்ல்ட் இதழின் ராபர்ட் கோலின், சாலையில் குறுக்கிடும் காட்டுமானைத் தவிர்ப்பது போன்ற திருப்பத்தைப் புதிய மெர்சிடீஸ் ஏ-கிளாஸ் காரில் செய்தபோது கார் கவிழ்ந்தது. அதன் பின் அந்தச் சிறிய காரிலும் ஈ.எஸ்.பி. நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது, 2014 நவம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயிற்று. விபத்தைக் குறைத்ததில் இருக்கைப் பட்டைக்கு அடுத்து வைக்கத்தக்க கருவி இது. ஆனாலும் அது மடிப்பணத்தைப் பங்கிடுகிறதே தவிர, கூட்டுவதில்லை.

சட்டங்கள் மாறின. ஸ்வீடன் 1999 டிசம்பர் 1 முதல் பனிக்காலத்தில் பனிக்கால டயரைக் கட்டாயமாக்கியது. கனடாவின் கியூபெக் 2008-இல் அதே சட்டத்தைக் கொண்டுவந்தது. பின்லாந்து குளிர்காலம் வந்ததும் பல நெடுஞ்சாலைகளில் வேக வரம்பை 100-லிருந்து 80 ஆகவும், விரைவுச்சாலைகளில் 120-லிருந்து 100 ஆகவும் இறக்குகிறது. இவற்றையெல்லாம்விட ஆழமான மாற்றம் வழுக்குதளத்தில் நடந்தது. ஸ்வீடன் 1999-இல் பாடத்திட்டத்தை மாற்றி எழுதி, மீட்கும் திறனுக்குப் பதிலாக ஆபத்தை உணர்த்துவதை நோக்கமாக்கியது. நார்வே 2005-இல் பயிற்சியைச் சீரமைத்தது. பின்லாந்து 2018-இல் இரண்டாம் கட்டத்தையே நீக்கி, உரிமம் பெறுவதற்கு முன்பே ஆபத்தை அறியும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

இப்போதைய தளத்தில் பாடம் இப்படி நடக்கிறது. ஒரு கூம்பு வைக்கப்பட்டிருக்கும். கற்பவர் மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்து கூம்பின் அருகே பிரேக் பிடிக்கிறார், கார் நிற்கிறது. அடுத்த முறை 40. அடுத்து 50. அந்த வேகத்தில், முன்பு நின்ற இடத்தைத் தாண்டி, தடையாக வைத்த பொம்மையையும் இடித்துத் தள்ளிக்கொண்டு கார் போய்க்கொண்டே இருக்கிறது. பயிற்றுநர் ஸ்டீயரிங்கை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. இறங்கி, பொம்மை கிடக்கும் இடத்துக்கும் கூம்புக்கும் உள்ள தூரத்தை நடந்து அளக்கச் சொல்கிறார். வழுக்கலை மீட்ட களிப்போடு வெளியேறிய பழைய மாணவருக்கும், தன்னால் முடியாது என்று கண்டு வெளியேறும் இன்றைய மாணவருக்கும் உள்ள வேறுபாடே பல பத்தாண்டு ஆய்வின் பயன்.

நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் 1980களில் மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குப் போன இலங்கைத் தமிழர்கள், கடுங்குளிரும் இரண்டு மாதத்துக்குச் சூரியன் எழாத இருளும் கொண்ட சாலைகளில் கார் ஓட்டக் கற்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இன்று நார்வேயில் உரிமம் பெற வேண்டுமானால், தளத்தில் நடக்கும் அந்தப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தாக வேண்டும்.